ஆகாது என்றால் வந்து நிற்கும்

வெள்ளைமடை ஊரில், ஆவாரந்தெருவில், மருமகள் பிரம்மசக்திக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று தெரிந்த அன்று காலை, மாமியார் சொர்ணத்தாய் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு "பப்பாளி ஆகாது" என்று சொன்னாள். சொல்லி வாயை மூடுவதற்குள் தெருக்கோடியில் சாகுலின் காய்கறிப் பழக்கடையில் அடுக்கின் உச்சியில் இருந்த பெரிய பப்பாளி ஒன்று கீழே குதித்து, சாக்கடையை ஓரமாகச் சுற்றி, எதிரே வந்த சைக்கிளுக்கு ஒதுங்கி வழிவிட்டு, உருண்டு உருண்டு வந்து அந்த வீட்டு வாசற்படியில் ஏறி நின்றது. யாரும் ஆச்சரியப்படவில்லை. குழாயில் தண்ணீர் வந்தால் மட்டுமே ஆச்சரியப்படுகிற ஊர் அது.

பின்னாலேயே சாகுல் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"பெரியம்மா, எம் பழம் இங்கன வந்துச்சா?"

"வந்துச்சு. வாசல்ல நிக்கி பாரு."

"அது ஏன் இங்க வந்துச்சு?"

"எங்கிட்ட கேட்டா? ஒம் பழம், நீதான் கண்டிச்சு வளத்திருக்கணும்."

சாகுல் பழத்தைத் தூக்கிக்கொண்டு போனார். நாலு வீடு தாண்டுவதற்குள் அது அவர் கையிலிருந்து துள்ளி விழுந்து திரும்பி வந்து அதே படியில் நின்றது. மறுபடி தூக்கினார், மறுபடி வந்தது. கடைசியில் அவர் கும்பிடு போட்டுவிட்டு, "புள்ளத்தாச்சிப் பொண்ணு ஆசப்பட்டுட்டா போல. அவளுக்கே குடுங்க" என்றார்.

"அவளுக்கா? அவளுக்கு ஆகாதுன்னுதானவே நான் சொன்னதே!" என்று சொர்ணத்தாய் சத்தம் போட்டாள். ஆகாத பண்டத்தை வயிற்றுப்பிள்ளைக்காரிக்குக் கொடுக்க முடியாது, வீடு தேடி வந்ததை வீணாக்கவும் மனசு வராது. ஆகவே அவளே அதை அறுத்து, உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவி, பாதியைத் தானும் பாதியை மகன் செந்தூர்பாண்டியுமாகத் தின்று தீர்த்தார்கள். லோடு ஆட்டோ ஓட்டுகிற செந்தூர்பாண்டி, பெண்டாட்டி இருக்கிற பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்துத் தின்றான். அந்த அளவுக்கு நல்லவன்.

மறுநாள் அன்னாசி வந்தது. அதற்கு மறுநாள் எள், எறும்பு வரிசை போல ஒற்றைச் சாரையாக வந்தது. பிறகு பலாச்சுளை, பிறகு மாம்பழம், பிறகு முட்டை. முட்டைகள் மட்டும் உடையாமல் வரவேண்டுமே என்று மெதுவாக, ஒவ்வொரு வீட்டு நிழலிலும் நின்று நின்று வந்தன. நண்டு தன் வழக்கப்படி பக்கவாட்டில் நடந்து வந்தது. அதை யாரும் அதிசயத்தில் சேர்க்கவில்லை. சொர்ணத்தாய் தன் மருமகளுக்கு எதை ஆகாது என்று சொன்னாலும் அது வாசல் வரை தானாக வரும், வந்து நிற்கும், யாராவது எடுக்கும் வரை நகராது என்பது ஒரு வாரத்தில் தெருவுக்கே புரிந்துபோனது. ஏன் வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்து எது வரும் என்றுதான் கேட்டார்கள்.

இதைச் சரியான கோணத்தில் பார்த்தவர் வார்டு கவுன்சிலர் லிங்கதுரை அண்ணாச்சி. அவர் வெள்ளைச் சட்டையும் பொதுநோக்கும் உள்ள மனிதர். ஒரு நாள் காலை வந்து உட்கார்ந்து, விசிறியை வாங்கி வீசிக்கொண்டே, "மதினி, முந்திரிப்பருப்பு சூடுல்லா? புள்ளத்தாச்சிக்கு ஆகுமா?" என்று ஒன்றும் அறியாதவர் போலக் கேட்டார். சொர்ணத்தாய்க்கு யோசனை வேண்டியதே இல்லை. ஆகுமா என்று கேட்டால் ஆகாது என்று சொல்வது அவளுக்கு மூச்சு விடுகிற மாதிரி. சொன்னாள். சாயங்காலத்துக்குள் முந்திரிப்பருப்பு மழைத்தண்ணீர் மாதிரி தெருவில் புரண்டு வந்தது.

அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் தெருக்காரர்கள் சொர்ணத்தாய் வீட்டு முற்றத்தில் கூடி, பிரம்மசக்தியின் உடம்பைப் பற்றி மிகுந்த அக்கறையோடு விசாரித்தார்கள். வஞ்சிர மீன் ஆகுமா, நெய் ஆகுமா, ஆட்டுக்கால் ஆகுமா, அல்வா ஆகுமா, வாதாம்பருப்பு ஆகுமா. எதுவும் ஆகவில்லை, ஆகாததெல்லாம் வந்தது. ஒருத்தி பட்டுச்சேலையைக் கேட்டுப் பார்த்தாள், ஒரு முந்தானை கூட அசையவில்லை. தின்கிற, குடிக்கிற பண்டத்துக்குத்தான் இந்தச் சட்டம் என்று தெரிந்துகொண்டு வெட்கப்பட்டுப் போனாள். இன்னொருவன் கதவோரம் நின்று, பிராந்தி எப்படி என்று மெல்லக் கேட்டான். கர்ப்பிணிக்குப் பிராந்தி ஆகாது என்பதை எந்த டாக்டரும் ஒப்புக்கொள்வார். அன்று மத்தியானம் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வந்து சேர்ந்தன, தெருவில் எல்லோரும் மிகவும் அன்பாக இருந்தார்கள். விசாரிக்க வந்த போலீஸ்காரர் அரை கிலோ அல்வாவை விசாரித்துவிட்டுப் போனார். சாகுல் பழங்களைக் கயிறு போட்டுக் கட்டிப் பார்த்தார்; கயிற்றோடு வந்தன.

ஒரு பயம் மட்டும் எல்லோருக்கும் இருந்தது. ஆகாது என்று சொன்ன பண்டத்தில் ஒரு வாய் பிரம்மசக்தி தின்றுவிட்டால், சொன்ன சொல் பொய்யாகிவிடும், பொய்யாகிவிட்டால் வரத்து நின்றுவிடும் என்று லிங்கதுரை அண்ணாச்சி விளக்கினார். இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. கவுன்சிலர்களுக்கு இப்படிப்பட்ட விஷயங்கள் தானாகவே தெரியும். ஆகவே தெருவே முறை வைத்து அவளைக் காவல் காத்தது. அவள் கை ஒரு முந்திரியின் பக்கம் நீண்டால் பத்துக் கைகள் குறுக்கே வந்தன. "தாயி, ஒனக்கு ஆகாதுல்லா" என்று அவ்வளவு பாசமாகச் சொன்னார்கள்.

அவளுக்கு ஆனது கஞ்சி. கஞ்சிக்குச் சுட்ட அப்பளம். நல்ல நாளென்றால் பருப்புத் துவையல். "நெறயத் தின்னா புள்ள உள்ளயே பெருசா வளந்துரும், பெறகு பெத்துப் போட முடியாது" என்று சொர்ணத்தாய் அந்தக் கஞ்சியிலும் பாதியைக் குறைத்தாள். வளைகாப்புக்கு ஏழு வகைச் சாதம் போட வேண்டும் என்பதால் ஏழையும் முன்கூட்டியே ஆகாது என்று சொல்லி வரவழைத்தார்கள். தெரு புளியோதரையும் எலுமிச்சஞ்சாதமும் தேங்காய்ச்சாதமும் தின்று ஏப்பம் விட, பிரம்மசக்தி இரண்டு கை நிறைய வளையலோடு கஞ்சி குடித்தாள். கிண்ணத்தைத் தூக்கும்போதெல்லாம் வளையல்கள் முழங்கை வரை வழுக்கி இறங்கின.

மாதங்கள் போகப்போக ஆவாரந்தெருவில் எல்லோருக்கும் வயிறு வந்தது. ஆண், பெண், செந்தூர்பாண்டி, எல்லோருக்கும். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் லிங்கதுரை அண்ணாச்சிக்கு முன்வரிசையில் இடம் ஒழித்துக் கொடுத்து, "பாத்து ஒக்காருங்க, எத்தன மாசம்?" என்று கேட்டான். அந்தத் தெருவிலேயே கர்ப்பிணி மாதிரி இல்லாதவள் கர்ப்பிணி ஒருத்திதான். அவளுக்குக் கன்னம் ஒட்டிப்போனது, நின்றால் கண் இருட்டியது, தலைமுடி சீப்போடு வந்தது. ராத்திரியும் பகலும் அவளுக்கு இருந்தது ஒரே நினைப்புத்தான்: உள்ளே இருக்கிறது பிழைக்குமா. சில நாள் அது உதைப்பது நின்றுபோகும். அப்போது அவள் வயிற்றைத் தட்டி, "ஏ, இருக்கியா?" என்று கேட்பாள். ரொம்ப நேரம் கழித்து, சோம்பலாக, ஒரு உதை வரும்.

அந்தச் சமயத்தில்தான் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து நர்ஸ் எஸ்தர் வந்தாள். முற்றத்தில் இருபது பேர் ஆட்டுக்கறி தின்றுகொண்டிருந்த கூட்டத்தைக் காலால் விலக்கிக்கொண்டு உள்ளே போய், மூலையில் சாய்ந்து கிடந்த பிரம்மசக்தியின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது.

"ரத்தமே இல்லயே! என்னத்தம்மா சாப்பிடுத?"

"கஞ்சி."

"வெளிய என்ன நடக்கு? கலியாணமா?"

"எனக்கு ஆகாததெல்லாம் அங்க இருக்கு, சிஸ்டர்."

எஸ்தர் சொர்ணத்தாயின் பக்கம் திரும்பினாள். "ரெண்டு உசுருக்குச் சாப்பிட வேண்டியவளுக்கு அர உசுருக்குச் சோறு போடுதீக. புள்ள பெருசாயிரும்னு யாரு சொன்னா? இப்பிடியே போனா புள்ள உள்ளங்கையில அடங்கும், தாயி தங்க மாட்டா." ஒரு அட்டை சத்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள். "தினம் ஒண்ணு. ரத்தம் ஊறும்."

அவள் தலை மறைந்ததும் சொர்ணத்தாய் மாத்திரையைப் பிடுங்கி எறிந்தாள். "இதத் தின்னா புள்ள கரிக்கட்டையாப் பொறக்கும். ஆகாது."

மறுநாள் காலை சுகாதார நிலையத்து அலமாரியிலிருந்து சிவப்பு மாத்திரைகள் புறப்பட்டு, பொன்வண்டுகள் மாதிரி மினுமினுத்துக்கொண்டு தார்ச்சாலையைக் கடந்து வந்து வாசலில் நின்றன. தெரு வந்து பார்த்தது. ஒருவர் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார், இரும்பு வாடை. கீழே போட்டுவிட்டு வஞ்சிர மீனைத் தேடிப் போனார். மாத்திரைகள் அங்கேயே நின்றன. காவல் காக்கிறவர்களுக்கும் அவற்றின் மேல் கண் இல்லை. பிரம்மசக்தி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, ஒன்றைப் பொறுக்கி விழுங்கினாள். வானம் இடிந்து விழவில்லை. மறுநாளும் அல்வா வந்தது. ஆட்டுக்கால் வந்தது. அண்ணாச்சி சொன்னது வெறும் கப்ஸா என்று அந்தத் தெருவில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவள் வாயைத் திறக்கவில்லை. மற்றவர்களுக்குப் பிடிக்காததுதான் தன் கைக்கு வந்து சேரும் என்பதை மட்டும் நன்றாக மனசில் வாங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவளுக்கு மசக்கை வந்தது. ஏழாம் மாதத்தில் வருகிற மசக்கை.

"அத்த, எனக்கு முருங்கக்கீர திங்கணும் போல இருக்கு."

"கீரையா? வயித்துக்கு ஆகாது!"

வந்தது. கொத்துக் கொத்தாக, பூவும் புழுவுமாக, தெரு நிறைய. முந்திரி தின்று பழகின தெரு அதைத் தாண்டிக்கொண்டு போனது.

"கேப்பக்களி, அத்த."

"ஆகாது!"

"சுண்டக்கா வத்தல். நெத்திலிக் கருவாடு. கொள்ளு. அவிச்ச பயறு. கருப்பட்டி."

"ஆகாது, ஆகாது, நாறும், ஆகாது, ஆகவே ஆகாது!" என்று சொர்ணத்தாய்க்கு மூச்சு வாங்கியது. மருமகள் வாயைத் திறந்து கேட்கிறாளே என்ற கோபத்திலேயே அவள் எல்லாவற்றையும் வரவழைத்துக் கொடுத்தாள். தெரு மூக்கைப் பொத்திக்கொண்டது; வசதி வந்த பிறகு கேப்பைக்களியைப் பார்த்தால் யாருக்குத்தான் கௌரவம் இடிக்காது. பிரம்மசக்தி பின்கட்டில், துவைக்கிற கல்லுக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்து, அவசரம் அவசரமாக, கண்ணில் நீர் வர, விரல் இடுக்கெல்லாம் நக்கித் தின்றாள். சில வாரத்தில் வயிற்றுக்குள் இருந்தது தாளம் போட ஆரம்பித்தது. இமைக்குள் சிவப்பு ஏறியது. சொர்ணத்தாய் அதைப் பார்த்துவிட்டு, கஞ்சியின் மகிமை என்று ஊரெல்லாம் சொன்னாள்.

பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போக நாள் குறித்திருந்தார்கள். பிள்ளை அதுவரை காத்திருக்கவில்லை. ஒரு நாள் உச்சிவேளையில், செந்தூர்பாண்டி வண்டியை ஸ்டார்ட் செய்துகொண்டே இருக்க, எஸ்தர் ஓடி வந்து சேருவதற்கும் அது தலையை நீட்டுவதற்கும் சரியாக இருந்தது. பெண் குழந்தை. சின்னதுதான், ஆனால் தொண்டை பெரிது. அழுத அழுகையில் தெருவில் தின்றுகொண்டிருந்தவர்கள் கையை உதறிக்கொண்டு எழுந்து வந்தார்கள். எஸ்தர் துணிகளை அள்ளிக்கொண்டு பின்கட்டுக்குக் கை கழுவப் போனாள்.

லிங்கதுரை அண்ணாச்சி கிண்ணத்தில் சீனித்தண்ணீரோடு வாசலில் தயாராக நின்றார். பிறந்த பிள்ளையின் நாக்கில் யார் முதலில் அந்தச் சேனையைத் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம்தான் வரும் என்பார்கள். தன்னைப் போல இன்னொரு ஆள் இந்தத் தெருவுக்குத் தேவை என்று அவர் நினைத்தார். பிரம்மசக்தி அதற்கெல்லாம் நிற்கவில்லை. பிள்ளையை எடுத்து மாரோடு சேர்த்தாள். காம்பில் ஒரு சொட்டு திரண்டு வந்தது, கெட்டியாக, மஞ்சளாக.

"ஐய, சீழு மாதிரில்லா வருது!" என்று சொர்ணத்தாய் பாய்ந்து வந்து பிள்ளையைப் பிடுங்கினாள். "சீம்பாலு. பச்சப்புள்ளைக்கு ஆகாது! பீய்ச்சி மண்ணுல விடு. மூணாம் நாளு வெள்ளப் பாலு வந்தப் பெறகு குடுக்கலாம். அண்ணாச்சி, நீரு வாரும், சேனைய வையும்."

"அத்த, அவளுக்குப் பசிக்கி. குடுங்க."

"ஆகாதுன்னா ஆகாது!"

எட்டு மாதமாக மருமகளைப் பார்த்துச் சொன்ன சொல்லை அவள் முதல் தடவையாகப் பிள்ளைக்குச் சொன்னாள். சொன்ன சொல் தன் வேலையைச் செய்தது. பாலுக்குக் காலில்லை, உருளவும் தெரியாது. இருக்கிற இடத்திலிருந்துதான் வர வேண்டும். இதுவரை வாசலுக்கு வந்து நின்றதெல்லாம், அந்த வஞ்சிரமும் அல்வாவும் நெய்யும் ஆட்டுக்காலும் முந்திரியும், யாருக்காகக் கிளம்பி வந்தனவோ அவள் வாய்க்குப் போகாமல் யார் யார் உடம்பிலோ கொழுப்பாய்க் காத்துக் கிடந்தன. உரியவரைத் தேடிப் போகிற குணம் அவற்றுக்கு மாறவில்லை. பாலாக வெளியேற ஒரு வாசல் தெரிந்ததும் கிளம்பின.

முதலில் சொர்ணத்தாயின் ஜாக்கெட் நனைந்தது. வியர்வை என்று நினைத்தாள். பிள்ளை அவள் கையில் வீறிட, வீறிட, இன்னும் நனைந்தது. ஐம்பத்தைந்து வயது மார் கல்லாய்க் கட்டி, பால் சேலையை நனைத்து இடுப்பு வரை ஓடியது. அவள் திடுக்கிட்டு அண்ணாச்சியைப் பார்த்தாள். அண்ணாச்சி கிண்ணத்தோடு அசையாமல் நின்றார். அவருடைய வெள்ளைச் சட்டையில், பாக்கெட்டுக்கு நேரே ஒன்றும் அதற்கு இணையாக மறுபக்கம் ஒன்றுமாக, இரண்டு ஈர வட்டங்கள் பெரிதாகிக்கொண்டிருந்தன. வெளியே ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்த செந்தூர்பாண்டி காக்கிச்சட்டையைக் குனிந்து பார்த்து, "யம்மா!" என்று கத்தினான். வீட்டுக்கு வீடு அதே சத்தம் கேட்டது.

"புள்ளயக் குடுங்க" என்றாள் பிரம்மசக்தி. இந்தத் தடவை கேட்கிற குரலில் சொல்லவில்லை.

சொர்ணத்தாய் கொடுத்தாள். குழந்தை சுற்றியிருந்த அத்தனை மாரையும் விட்டுவிட்டுத் தன் தாயின் மஞ்சள் பாலைத் தேடிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, ஊரைப் பற்றிய கவலையே இல்லாமல் குடித்தது. பிரம்மசக்தி அழுதாள். அவ்வளவு நாள் பசியில் கூட அவள் அப்படி அழுததில்லை.

கை துடைத்துக்கொண்டு உள்ளே வந்த எஸ்தர் தாயையும் பிள்ளையையும் பார்த்தாள், பிறகு அண்ணாச்சியின் சட்டையைப் பார்த்தாள். "இவளுக்கு அம்மா பாலு போதும், கவுன்சிலரே. மொதப் பாலுதான் மருந்து, அது கெடச்சாச்சு. நீங்க பாலு கட்டிக்கிடாம பீய்ச்சி விடுங்க, காய்ச்சல் வந்துரும்" என்றாள்.

பால் வற்ற மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவார்கள் என்பதால் மறுநாளே வெள்ளைமடையில் மல்லிகைக்குத் தட்டுப்பாடு வந்தது. ஆவாரந்தெரு ஆண்கள் மணக்க மணக்க நடமாடினார்கள். ஆனால் பாலை விடப் பெரிய கஷ்டம் பசி. பால் ஊறுகிற உடம்பின் பசி எப்படிப்பட்டது என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. தின்று முடித்துக் கை கழுவும்போதே வயிறு மறுபடி கூவியது, எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. வாசலில் இப்போது எதுவும் வந்து நிற்கவில்லை; சொர்ணத்தாய்க்கு வாயே திறக்கவில்லை. அதோடு பால் சுரக்கிறவர்களுக்கு என்ன முறையோ அதைத்தானே செய்ய வேண்டும் என்று தெருவின் மாமியார்கள் எல்லோருக்கும் பத்தியம் போட்டார்கள். லிங்கதுரை அண்ணாச்சிக்குக் கஞ்சியும் சுட்ட அப்பளமும் கிடைத்தன. வயிறு போட்டுவிடும் என்று தண்ணீர் அரை டம்ளர்.

பிரம்மசக்திக்கு மட்டும் பத்தியம் கிடையாது என்று எஸ்தர் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். செந்தூர்பாண்டி ஈரச்சட்டையோடு வாழ்க்கையில் முதல் தடவையாக அடுப்படிக்குப் போய், சாகுல் கடையில் காசு கொடுத்து வாங்கின காய்களை நறுக்கி, சாளை மீன் குழம்பு வைத்தான், கீரை கடைந்தான், முட்டை அவித்தான். உப்பு கொஞ்சம் கூடத்தான். ஒரு வாரம் கழித்து ஒரு மத்தியானம் தட்டு நிறையச் சோற்றைப் போட்டு, ஒரு செம்பு தண்ணீரையும் பக்கத்தில் வைத்தான். அந்த வீட்டில் அன்று எல்லோருக்கும் முன்னால் சாப்பிட உட்கார்ந்தது அவள்தான்.

அவள் பாதி தின்றிருக்கும்போது கதவருகில் சொர்ணத்தாய் வந்து நின்றாள். ஜாக்கெட் நனைந்திருந்தது. தட்டைப் பார்த்தாள், வேறு பக்கம் பார்த்தாள், மறுபடி தட்டைப் பார்த்தாள்.

"ஏட்டி" என்றாள். "பசிக்கி."

பிரம்மசக்தியின் தொண்டை வரைக்கும் ஆகாது என்ற அந்தச் சொல் வந்துவிட்டது. வளையல் வழுக்கின கையும், துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒளிந்து தின்ற களியும், உதைக்காத நாட்களும் அவள் நெஞ்சில் எழும்பி நின்றன. சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் மாமியாரின் அந்த நனைந்த ஜாக்கெட் அவளுடைய ஜாக்கெட்டைப் போலவே இருந்தது. அவள் சற்று நகர்ந்து, தட்டைத் தள்ளி வைத்தாள்.

"உக்காருங்க, அத்த. சாப்பிடுங்க. எல்லாம் ஆகும்."

சொர்ணத்தாய் உட்கார்ந்தாள். முதல் வாயை வைத்ததும் அவளுக்கு விக்கியது. பிரம்மசக்தி செம்பை நீட்டினாள், அவள் அண்ணாந்து முழுசாகக் குடித்தாள். பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே, வாய் நிறைய வைத்துக்கொண்டே, அழ ஆரம்பித்தாள்.

"இவன் பொறந்தப்ப எனக்கு இப்பிடித்தாம்ட்டி பசிச்சுச்சு. பானையச் சொரண்டித் தின்னேன். எங்க மாமியாகிட்ட அடி வாங்குனேன். எப்பிடிட்டி மறந்தேன்? எனக்கு மறந்தே போச்சே!"

"மெதுவாத் தின்னுங்க. முள்ளு இருக்கு."

அப்போது வாசலில் மல்லிகை வாசனை வந்தது. லிங்கதுரை அண்ணாச்சி நின்றார். கன்னம் ஒட்டியிருந்தது, நெஞ்சில் கட்டின பூ வாடியிருந்தது. மீன் குழம்பை முகர்ந்து எச்சிலை விழுங்கிக்கொண்டு, "தாயி, எனக்கும் ஒரு வாயி" என்றார். அவருக்குப் பின்னால் தெரு முழுக்க எட்டிப் பார்த்தது.

பிரம்மசக்தி அவரைத் தலையிலிருந்து கால் வரை நிதானமாகப் பார்த்தாள்.

"அண்ணாச்சிக்கு ஆகாதுல்லா" என்றாள்.

அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. ஆகாது என்று சொல்லியாயிற்று, இனி அது வர வேண்டியதுதான் என்று நம்பி, சொன்ன வாய் யாருடையது என்பதை யோசிக்காமல், அவர் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு, தட்டில் கிடந்த சாளை மீனையே பார்த்துக்கொண்டு வாசலில் நின்றார்.

மீன் நகரவே இல்லை.